கட்டிலுக்கு அங்காலுள்ள சுவர்

மட்டக்குளியில், காக்கைதீவுக் கடற்கரைக்குப் போகும் வழியில் உள்ள ஒழுங்கையொன்றில், எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று வீட்டுக்குச் சோலர் பூட்டியது. இரண்டு பேர்ச் நிலத்தில் எழுந்த இரண்டு மாடி வீடு. கீழே ஓர் அறை, கூடம், குசினி. மேலே இரண்டு அறைகள். காலையிலேயே பனல்கள் கூரையேறிவிட்டன. மத்தியானம் தாண்டி இரண்டு பெட்டிகள் வந்திறங்கின. ஒன்று இன்வேர்ட்டர், மற்றது பற்றரி. வயரிங் செய்ய வந்த தம்பி கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மாடிப்படிக்குக் கீழே சுவர் வெறுமையாக இருந்தது. மீற்றர்ப் பெட்டியும் பக்கத்திலேயே இருந்தது. பென்சிலால் நான்கு புள்ளிகள் இட்டார்; டிரில்லைக் கையில் எடுத்தார்.

குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டின் மூத்த அம்மா, எழுபதைத் தாண்டியவர், மெதுவாகச் சொன்னார்: “தம்பி, அந்தச் சுவருக்கு அங்கால என்ட கட்டில் இருக்கு.”

“பயப்படாதீங்க அன்ட்டி, இது சத்தமே போடாது.”

அந்தப் பதிலில் குறை சொல்ல எதுவும் இல்லை. அன்போடுதான் சொன்னார். ஆனால் அந்த அம்மா சத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தான் உறங்கும் இடத்துக்கும், வீட்டுக்குள் புதிதாக வந்திருக்கும் ஒரு பொருளுக்கும் இடையில் ஆறு அங்குலச் சுவர் மட்டுமே இருக்கிறது என்பதைச் சொன்னார். அது சரியா, தவறா என்று அவருக்குத் தெரியாது. தம்பிக்கும் தெரிந்திருக்கவில்லை. அன்று அந்தக் கூடத்தில் நின்றிருந்த எனக்கும் தெரியாது. அந்த அறியாமைதான் பிறகு என்னைப் படிக்கவும், விசாரிக்கவும், இதை எழுதவும் வைத்தது.

சோலர் வாங்குகிறவர்கள் எத்தனை கிலோவற்று என்று கேட்கிறார்கள். எத்தனை வருட உத்தரவாதம், எந்த நாட்டுப் பொருள், மாதத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கேட்கிறார்கள். பெட்டியை எங்கே வைப்பது என்ற கேள்வி கடைசி நாளில், கடைசி மணித்தியாலத்தில், டிரில் கையில் இருக்கும்போது வருகிறது. அந்த நேரத்தில் கம்பி எங்கே குறைவாகச் செலவாகுமோ அந்தச் சுவரே இடமாகிவிடுகிறது. ஆனால் பற்றரியின் ஆயுளையும், சில வேளை வீட்டில் உள்ளவர்களின் ஆயுளையும் தீர்மானிப்பது அந்தச் சுவர்தான்.

பற்றரி நம் வீடுகளுக்குள் ஏன் வந்தது என்பதை மறக்க முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். பிறகு இறங்கியது, மறுபடி ஏறியது. கூரையில் பனல் வைத்தவர்களுக்கு அந்த நாட்களில் இன்னொரு பாடமும் கிடைத்தது. பற்றரி இல்லாத சோலர், தெருவிலிருந்து வரும் லைன் உயிரோடு இருந்தால்தான் வேலை செய்யும். லைன் நின்ற உடனே இன்வேர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற ஊழியருக்கு நம் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நியாயமான ஏற்பாடுதான். ஆனாலும் தலைக்கு மேல் வெயில் கொட்ட, கூரை முழுவதும் பனல் இருக்க, கீழே விசிறி சுற்றாமல் வியர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, பற்றரி இல்லாமல் சோலர் முழுமையாகாது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கொன்று மோதியதாகச் சொல்லப்பட்டு நாடு முழுவதும் இருண்டது. மின்தேவை குறைந்திருந்த, வெயில் நிறைந்த பகல் அது. அப்படிப்பட்ட பகல்களை அஞ்சியே, அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணி வரைக்கும் கூரைச் சோலரை அணைத்துவைக்குமாறு மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. பகலில் தேவைக்கு மேல் மின்சாரம், இரவில் போதாமை. இடையில் சேமித்து வைக்க ஏதாவது வேண்டும். இனி வரும் ஆண்டுகளில் பற்றரிகள் குறையப் போவதில்லை, கூடத்தான் போகின்றன. ஆகவே இடம் பற்றிய கேள்வியை இப்போதே கேட்டுவிட வேண்டும்.

பற்றரிக்கு முதல் எதிரி வெப்பம். பற்றரியின் விவர அட்டையில் ஆறாயிரம் சுற்று (சார்ஜ் ஏறி இறங்குவது ஒரு சுற்று) என்று அச்சிட்டிருந்தால், பொதுவாக அதன் கீழே சிறிய எழுத்தில் 25 பாகை செல்சியஸ் என்றும் இருக்கும். கொழும்பின் ஆண்டுச் சராசரியே 27, 28 பாகை. ராஜஸ்தானில் கோடை 45 பாகையைத் தொடுகிறது. ஆனால் அங்கே குளிர்காலம் ஒன்று உண்டு. யந்திரம் சில மாதங்களாவது மூச்சு விடும். மட்டக்குளியில் வெயில் அந்த உயரத்துக்குப் போவதில்லை, அதுபோல இறங்குவதுமில்லை. ஏப்ரல் இரவிலும் 25 பாகைக்குக் கீழ் பெரிதாக இறங்குவதில்லை. நம் வெப்பம் ஓய்வு கொடுக்காத வெப்பம். அட்டையில் சொன்ன அந்த 25 பாகையில், நம் ஊரில் பற்றரி அநேகமாக ஒரு நாளும் வாழ்வதில்லை.

ஈயப் பற்றரிகளுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கொன்று உண்டு. 25 பாகைக்கு மேல் 8 முதல் 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும். அறையில் 34 பாகை நிலவினால், நான்கு வருடத்துக்கு வாங்கிய பற்றரி இரண்டு வருடத்தில் போய்விடும். லித்தியம் இதைவிடப் பொறுமையானது. ஆனாலும் 15 முதல் 30 பாகைக்குள் இருப்பதையே அது விரும்பும். 45, 50 பாகையை நெருங்கினால் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை சார்ஜ் ஏறுவதைக் குறைக்கும், அல்லது நிறுத்தும். இன்வேர்ட்டரின் கதையும் இதுதான். அதற்குள் இருக்கும் மின்தேக்கிகள் சூடு 10 பாகை ஏறும்போது ஏறத்தாழப் பாதி ஆயுளை இழக்கின்றன. பல இன்வேர்ட்டர்கள் சுற்றுப்புறம் 40, 45 பாகையைத் தாண்டும்போது தம்மைக் காத்துக்கொள்ள உற்பத்தியைத் தாமே குறைத்துக்கொள்ளும். வெயில் உச்சத்தில் இருக்கும்போது மின்சாரம் ஏன் குறைகிறது என்று பனலைக் குற்றம் சொல்பவர்கள், இன்வேர்ட்டர் மாட்டியிருக்கும் சுவரில் ஒருமுறை கை வைத்துப் பார்க்கலாம்.

இன்வேர்ட்டர் தானும் சூடு பிறப்பிக்கும். 5 கிலோவற்று இன்வேர்ட்டர் 97 வீதத் திறனுடன் முழு வேகத்தில் ஓடினாலும், ஏறத்தாழ 150 வற்று சூடாகவே வெளியேறும். பழைய 60 வற்றுக் குண்டு பல்புகள் இரண்டரையை ஓர் அலுமாரிக்குள் எரியவிட்டுக் கதவைச் சாத்துவதற்குச் சமம். பார்வைக்கு அழகில்லை என்று அதைப் பலகைப் பெட்டிக்குள் மூடுகிறவர்கள் உண்டு. கூடத்தில் அழகு காப்பாற்றப்படும். பெட்டிக்குள் யந்திரம் வேகும். மேலும் கீழும் ஓரிரு அடி இடைவெளி விட்டு, காற்று கீழிருந்து நுழைந்து மேலால் போக விட வேண்டும். காற்று நுழையும் இடத்தில் பல்லியும் நுழையும். நம் ஊரில் பல்லியும் எறும்பும் சுட்டுப்போட்ட மின்சுற்றுப் பலகைகள் கொஞ்சமல்ல. ஆகவே நல்ல வலை ஒன்றும் வேண்டும்.

அப்படியானால் வெப்பமில்லாத இடம் எது? இங்கேதான் வெளிநாட்டு அறிவுரை நம்மைக் கைவிடுகிறது. ஐரோப்பாவில் எழுதப்பட்ட குறிப்புகள் வடக்குச் சுவரில் வை என்கின்றன. அங்கே நண்பகல் வெயில் எப்போதும் தெற்கே இருக்கும். அவுஸ்திரேலியாவில் எழுதியவை தெற்குச் சுவரில் வை என்கின்றன. அங்கே வெயில் பெரும்பாலும் வடக்கே. கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து 7 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் நண்பகல் வெயில் நம் உச்சந்தலைக்கு நேரே வரும். பிறகு வடக்கே சரிந்து, செப்டெம்பர் முதல் வாரத்தில் மறுபடி தலைக்கு மேலாகத் தெற்கே போகும். வருடத்தில் ஐந்து மாதம் வடக்குச் சுவருக்கு வெயில், ஏழு மாதம் தெற்குச் சுவருக்கு வெயில். இரவல் வாங்கிய திசை எதுவும் நமக்குப் பொருந்தாது.

பொருந்துவது சாய்ப்பு. நம் வெயில் செங்குத்தாக விழுவதால், சின்ன மறைப்பும் பெரிய நிழல் தரும். ஜூன் மாத நண்பகலில் வடக்குச் சுவருக்கு மேல் இரண்டு அடி நீண்ட சாய்ப்பு, சுவரில் ஆறரை அடிக்கும் கூடிய நிழலை இறக்கும். தெற்கே வெயில் மிகவும் சரிந்திருக்கும் டிசம்பரிலும் அதே இரண்டு அடி மூன்றரை அடி வரை மறைக்கும். கிழக்குச் சுவருக்குக் காலை வெயில். அந்த நேரம் காற்றும் சுவரும் இரவின் மிச்சக் குளிர்ச்சியோடு இருப்பதால் தாங்கலாம். மோசமானது மேற்குச் சுவர். பகல் முழுவதும் சூடான காற்றுக்கு மேல் பிற்பகல் வெயிலும் அங்கே விழுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையையும் உப்பையும் அதே பக்கத்திலிருந்துதான் கொண்டு வருகிறது.

உப்பைப் பற்றி மட்டக்குளிக்காரருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. யன்னல் கம்பி எத்தனை வருடம் தாங்கும் என்று வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால் போதும். பல உற்பத்தியாளரின் கையேடுகள் கடலிலிருந்து 500 மீற்றருக்குள் வெளியே பூட்டுவதற்குத் தனி நிபந்தனை விதிக்கின்றன. சிலவற்றில் அந்த எல்லைக்குள் உத்தரவாதமே கேள்விக்குரியது. பெட்டியின் மேல் ஐபி 65 என்று இருந்தால் தூசியும் பீறிடும் தண்ணீரும் புகாது என்று பொருள். உப்புக் காற்று திருகாணிகளையும் கம்பி முனைகளையும் தின்னாது என்ற வாக்குறுதி அந்த எண்ணுக்குள் இல்லை. ஐபி 20 என்று இருந்தால் அது வெளியே வைப்பதற்கான பொருளே அல்ல. வாங்க முன் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். கடலோரத்துக்கான உத்தரவாதத்தை எழுத்தில் கேட்க வேண்டும்.

உப்பு ஒரு பக்கம் என்றால் ஆறு மறுபக்கம். களனி ஆறு கடலில் கலக்கும் முனையில் இருக்கிறோம். 2016 மே மாதத்திலும், 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலோடும் அந்த ஆறு பெருகியதைக் கொழும்பு மறந்திருக்காது. நாகலகம் வீதியில் உள்ள ஆற்று அளவுகோல் எத்தனை அடி காட்டுகிறது என்று வானொலியில் கேட்டபடியே பொருட்களை மேலே தூக்கி வைத்த இரவுகள் இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் புதிதல்ல. தரையில் வைத்த பற்றரியைத் தண்ணீர் தொட்டுவிட்டால், பிறகு காய வைத்து ஓட்டிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. கூரைக்கு அருகில் உயர்த்தி வைத்தால் சூடான காற்று அங்கேதான் தேங்கும். அஸ்பெஸ்டஸ் சீற்றின் கீழ் 40 பாகையைத் தாண்டுவது அரிதல்ல. ஆகவே பழைய வெள்ளக்கறைக்கு மேலே, கூரைச் சூட்டுக்குக் கீழே, மனிதனின் இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரமே பொருத்தம். 5 கிலோவற்று மணித்தியாலப் பற்றரி ஒன்று 45, 50 கிலோ நிறை இருக்கும். உள்ளே குழிவான சீமெந்துக் கல்லில் கட்டிய சுவருக்கு அந்தச் சுமையைக் கொடுக்கக் கூடாது. தரையில் ஊன்றிய இரும்புத் தாங்கி ஒன்றை அடித்து அதன் மேல் வைக்கலாம்.

இவ்வளவு எழுதிய பிறகும் முக்கியமான விஷயம் மிஞ்சுகிறது. வெயிலும் உப்பும் மழையும் இல்லாத இடம் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அதுதான் படுக்கையறை. வீட்டில் ஒரே ஒரு ஏசி இருந்தால் அதுவும் அங்கேதான். மனிதருக்கு எது சுகமோ அதுவே பற்றரிக்கும் சுகம். வெப்பத்தை மட்டும் நினைத்துக்கொண்டு இடம் தேடினால் நம் கால்கள் கடைசியில் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஒருபோதும் வைக்கக் கூடாத இடமும் அதுவே.

ஈயப் பற்றரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றில் 4 வீதம் சேர்ந்துவிட்டால் ஒரு பொறியில் தீப்பிடிக்கும். அது காற்றைவிட இலேசானது. மேலே ஏறிக் கூரை மூலையில் தேங்கும். படிக்குக் கீழுள்ள சாய்ந்த பொந்து அதற்கு நல்ல பாத்திரம். ஆனால் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இன்வேர்ட்டர்ப் பற்றரிக்கு நாம் முதலில் தேடுவது படிக்குக் கீழுள்ள அந்த இடத்தைத்தான்.

லித்தியம் வேறு வகை. இன்று வீட்டுக்கு வரும் பெரும்பாலானவை லித்தியம் இரும்புப் பொஸ்பேற்று வகை. தொலைபேசிகளிலும் பல கார்களிலும் உள்ள கோபால்ட் கலந்த வகைகளைவிட அதிக வெப்பத்தைத் தாங்கக்கூடியது. நல்ல தயாரிப்பு, முறையாகப் பூட்டியது என்றால் தீப்பிடிப்பது அரிது. ஆனால் ஒரு கலம் கெட்டு, தன் சூட்டாலேயே தன்னை மேலும் சூடாக்கும் நிலைக்குப் போய்விட்டால், அடுத்த கலத்தையும் இழுத்துக்கொள்ளும். வெளிவரும் புகை எரியக்கூடியது, நஞ்சுமானது. அணைந்தது என்று நினைத்த பிறகும் மறுபடி மூளும். அந்த அரிய நிகழ்வு இரவு இரண்டு மணிக்கு, உறங்குகிறவரின் தலைமாட்டில் நடந்தால் அரிது என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் பொருள் இராது.

பிற நாடுகள் இதை இழப்புக்குப் பிறகுதான் கற்றன. தென்கொரியாவில் 2017 ஓகஸ்டிலிருந்து 2019 மே வரை மின்சேமிப்பு நிலையங்களில் 23 தீ விபத்துகள் நடந்தன. 2019 ஜூனில் வெளியான விசாரணை அறிக்கை நான்கு காரணங்களைக் கூறியது. பற்றரிப் பாதுகாப்பு அமைப்பின் குறை, பூட்டுவதில் நடந்த கவனயீனம், பாகங்களை ஒருங்கிணைப்பதில் உள்ள குறை ஆகியவற்றோடு, வைத்த இடத்தின் சூழலைக் கவனிக்காததும் அவற்றுள் ஒன்று. மலையிலும் கடலோரத்திலும் ஈரமும் தூசியும் படிந்த இடங்களில் அவற்றில் பல நின்றிருந்தன. அவை பெரிய நிலையங்கள். நம் வீட்டுப் பெட்டி சிறியது. ஆனால் ஈரமும் தூசியும் கடலும் நமக்கும் பொதுவானவை.

2019 இல் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து வெளியிட்ட 5139 என்ற எண்ணுள்ள தரநிலை, இடம் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. கூரைக்கும் மேற்தட்டுக்கும் இடையில் கூடாது. படிக்கட்டின் கீழ் கூடாது. தப்பிப் போகும் வழியில் கூடாது. வாசலிலிருந்தும், வசிக்கும் அறையின் யன்னலிலிருந்தும் 600 மில்லிமீற்றருக்குள் கூடாது. வசிக்கும் அறைக்கும் பற்றரிக்கும் நடுவே எரியாத தடுப்பு வேண்டும். பிரித்தானியாவில் 2024 இல் வந்த 63100 என்ற வழிகாட்டியும் உறங்கும் அறை, கூரை அறை, படிக்கட்டு மூன்றையும் விலக்கி, இயன்றால் வெளியே வைக்கச் சொல்கிறது. அன்று பென்சிலால் இட்ட அந்த நான்கு புள்ளிகளை நினைத்துக்கொண்டு இவற்றைப் படித்தேன். ஒரே இடத்தில் இரண்டு விலக்குகள் இருந்தன. மேலே படி, அங்கால கட்டில்.

வெப்பம் பெட்டியை உள்ளே தள்ளுகிறது. ஆபத்து அதை வெளியே தள்ளுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில், வீட்டோடு சேர்ந்தும் வீட்டுக்குள் இல்லாமலும் ஓர் இடம் வேண்டும். வெயில் படாமல், காற்று ஓடி, மழை நனைக்காத இடம். நம் பழைய வீடுகளில் அதற்குப் பெயர் இருந்தது: விறாந்தை, தாழ்வாரம், கோடிப்புறச் சாய்ப்பு. விறகையும் நெல்லையும் மண்வெட்டியையும் வைத்த இடம் அது. மண்ணெண்ணெய்ப் போத்தலையும் நம் பாட்டிமார் அங்கேதான் வைத்தார்கள். கைக்கு எட்ட வேண்டும், ஆனால் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்ற விதியை அவர்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நிலத்தின் விலை ஏற ஏற அந்த நடு இடத்தைத்தான் நாம் முதலில் விழுங்கினோம். இரண்டு பேர்ச்சில் வீடு கட்டுகிறவர் எல்லை மதிலையே சுவராக்குகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பற்றரி கேட்கும் இடம், நாம் இழந்த அந்த இடமே.

எல்லா வீட்டிலும் இழந்துவிடவில்லை. பின்புறத்தில் உடுப்புத் துவைக்கும் மூலை, பக்கவாட்டில் ஆள் நுழையும் ஓடை, முன்வாசலிலிருந்து விலகிய கார் நிறுத்துமிடத்தின் உட்சுவர், மாடியில் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே நிழலான பக்கம் என்று ஏதாவது கிடைக்கும். எரிவாயுச் சிலிண்டரை விட்டுத் தள்ளியிருக்க வேண்டும். நிழலுக்கு இரண்டு அடிச் சாய்ப்பு. பெட்டிக்குப் பின்னால் எரியாத சீமெந்துப் பலகை. அணைக்கும் சுவிச்சு, ஆபத்து நேரத்தில் பெட்டிக்கு மேலாகக் கையை நீட்டாமல் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கம்பி நீளுமே என்று பூட்ட வருகிறவர் சொல்வார். அதில் பாதி உண்மை உண்டு. 48 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து 5 கிலோவற்று எடுத்தால் நூறு அம்பியருக்கு மேல் ஓடும். அந்தக் கம்பி தடிப்பாகவும் நீளம் குறைந்ததாகவும்தான் இருக்க வேண்டும். அதே 5 கிலோவற்று, இன்வேர்ட்டரைத் தாண்டி 230 வோல்ற்றாக வரும்போது 22 அம்பியர்தான். ஆகவே பற்றரியையும் இன்வேர்ட்டரையும் பிரிக்காமல் சேர்த்தே நல்ல இடத்துக்கு நகர்த்தி, வீட்டுக்குள் வரும் கம்பியை நீட்டலாம். பத்து மீற்றர் கூடினால் இழப்பும் சிறிது, செலவும் சிறிது. இதைத் தெரிந்துகொண்டு கேட்கிறவருக்கு எந்த நல்ல வேலைக்காரரும் மறுக்க மாட்டார்.

அந்த நடு இடத்துக்கு வழியே இல்லாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மட்டக்குளியைப் பற்றி எழுதிவிட்டு அவர்களைத் தாண்டிப் போக முடியாது. ஹேனமுல்லப் பக்கத்தில் நகர அபிவிருத்தி அதிகாரசபை எழுப்பிய மாடிக் குடியிருப்புகளில், கூரை யாருடைய தனிச் சொத்தும் அல்ல. சுவர் ஒவ்வொன்றும் இன்னொருவரின் படுக்கையறைச் சுவர். கரண்ட் போனால் மின்தூக்கி நிற்கும். தண்ணீர்ப் பம்பும் நிற்கும். மேல்மாடிக்காரர் வாளியோடு இறங்கி ஏற வேண்டும். அவசரத்துக்கு யாராவது பற்றரியை வாங்கிப் படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்தால், நூறு குடும்பங்களின் வெளிவழியில் வைத்ததாகும். நியூயோர்க் நகரில் 2023 இல் லித்தியம் பற்றரிகளால் 268 தீ விபத்துகள் ஏற்பட்டு 18 பேர் இறந்தார்கள். அவற்றில் பெரும்பங்கு மின்சைக்கிள், ஸ்கூட்டர் பற்றரிகளால் வந்தவை. சோலர்ப் பற்றரிகள் அல்ல என்பது உண்மைதான். ஆனால் நெருக்கமான குடியிருப்பில் வழியை அடைத்து எரியும் தீ, அது எதற்காக வாங்கிய பற்றரி என்று பார்ப்பதில்லை.

அத்தகைய இடங்களில் வீட்டுக்கு வீடு பற்றரி என்பது தீர்வாகாது. பொதுக் கூரையில் பொதுப் பனல், கட்டடத்துக்கு வெளியே உயர்ந்த மேடையில் தனிக் கொட்டகையில் பொதுப் பற்றரி, அதிலிருந்து பம்புக்கும் மின்தூக்கிக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மின்சாரம் என்றுதான் அதைச் செய்ய முடியும். அதைத் தனியொரு குடும்பத்தால் செய்ய இயலாது. கட்டியவர்களும் நகரை ஆள்பவர்களும் மின்சாரம் வழங்குபவர்களும் சேர்ந்து செய்ய வேண்டியது. சோலரை ஊக்குவிக்கும் திட்டம் எதுவாயினும், சொந்தக் கூரையும் நிழலான சுவரும் உள்ளவர்களோடு அது நின்றுவிடக் கூடாது. கூரை இல்லாதவரும் அதே வெயிலில்தான் வியர்க்கிறார்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பற்றரி பூட்டும் ஒவ்வொரு வீட்டிலும் அது வைக்கப்படும் இடத்தை ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மீற்றருக்குப் பார்க்கிறோம்; கூரையின் பலத்துக்குப் பார்க்கிறோம்; சுவருக்கும் பார்க்க வேண்டும். விலக்கப்பட்ட இடங்கள் எவையென்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில், படத்தோடு, பூட்டுகிறவர் கையிலும் வாங்குகிறவர் கையிலும் கொடுக்க வேண்டும். அந்தத் தம்பிக்கு அப்படி ஒரு தாள் கிடைத்திருந்தால் அவர் அந்தச் சுவரில் பென்சிலை வைத்திருக்கவே மாட்டார். அவர் கவனமில்லாதவர் அல்ல. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று டிரில் ஓடவில்லை. அந்த அம்மாவின் மகன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் நில்லுங்க தம்பி” என்றார். பெட்டிகள் இரண்டு நாள் கூடத்திலேயே கிடந்தன. மூன்றாம் நாள் குசினிக்குப் பின்னால், கிழக்கு பார்த்த சுவரில், இரும்புத் தாங்கி அடித்து, மேலே தகரச் சாய்ப்பு இறக்கி, சீமெந்துப் பலகை வைத்துப் பூட்டினார்கள். கம்பி பதினொரு மீற்றர் கூடியது. வேலை அரை நாள் நீண்டது. மாடிப்படியின் கீழுள்ள சுவரில் அந்த நான்கு பென்சில் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன.

சோலர் பூட்ட நினைக்கும் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெட்டிக்குச் சுவர் காட்டப்படும்போது, அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். நடந்து அதன் மறுபக்கத்துக்குப் போங்கள். அங்கே யாருடைய கட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.